கப்பலில் 7 இரவு, 21 வேளை: வீகன் உணவு தேடிய ஒரு பயணம்

நானும் அக்காவும் போனது 7 இரவுக் கப்பல் பயணம். ஏறிய நாள் மதியச் சாப்பாட்டில் தொடங்கி, இறங்கிய நாள் காலை உணவு வரை மொத்தம் 21 வேளை. இருவருமே வீகன். இறைச்சி, மீன் மட்டுமல்ல, பால், முட்டை, தேன் எதுவும் எடுப்பதில்லை. நான் மாறி 8 வருடம் ஆகிறது. அக்கா மாறி ஒரு வருடம்தான். வீட்டுச் சமையலை விட்டு ஒரு வாரம் வெளியே இருப்பது அவளுக்கு இதுதான் முதல் முறை. ஒவ்வொரு வேளையும் என்ன கிடைத்தது, யாரிடம் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்த நோட்டை வைத்து எழுதியதுதான் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. கப்பலில் சோறு, ரொட்டி, காய்கறி, பழம் எப்போதும் இருக்கும். ஆனால் வயிறு காயாமல் இருப்பது வேறு, ஒரு வாரம் முழுக்க சந்தேகமில்லாமல் நிறைவாகச் சாப்பிடுவது வேறு. முதல் இரண்டு நாள் முதலாவது மட்டும்தான் கிடைத்தது. மூன்றாம் நாளிலிருந்து இரண்டாவதும் கிடைத்தது. அதே கப்பல், அதே சமையல்காரர்கள், கிடங்கில் இருந்ததும் அதே பொருட்கள். நடுவில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி.

புறப்படும் முன்

நாங்கள் கப்பலைத் தேர்ந்தெடுத்தது வழியையும் தேதியையும் பார்த்து. மெனுவைப் பார்க்கவில்லை. அது முதல் தவறு. எல்லாக் கப்பல் நிறுவனங்களும் இந்த விஷயத்தில் ஒரே நிலையில் இல்லை. ஓஷியானியா 2017இலும் ரீஜென்ட் செவன் சீஸ் 2019இலும் தங்கள் கப்பல்களில் 200க்கும் மேற்பட்ட தாவர உணவுகளைச் சேர்த்துத் தனி மெனுவே கொண்டுவந்தன. வேறு சில நிறுவனங்களில் தினசரி மெனுவிலேயே ஒன்றிரண்டு வீகன் பதார்த்தங்கள் இருக்கும். இன்னும் சிலவற்றில் கேட்டால்தான் கிடைக்கும். எங்கள் கப்பல் மூன்றாவது வகை. அது தெரியாமலே பணம் கட்டிவிட்டோம்.

புக்கிங் ஏஜென்ட் அனுப்பிய படிவத்தில் உணவுக்கு ஒரு கட்டம் இருந்தது. சைவம், குளூட்டன் இல்லாதது, உப்பு குறைந்தது, சர்க்கரை நோயாளிகளுக்கானது என்று நான்கு தேர்வுகள். வீகன் இல்லை. சரி, சைவத்தை டிக் செய்துவிட்டு, கீழே குறிப்பு எழுதும் இடத்தில் "இருவரும் வீகன்" என்று எழுதினேன். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

'சைவம்' என்ற ஒரு சொல்லுக்குள் பாலும் வெண்ணெயும் சீஸும் அடங்கிவிடுகின்றன. பல நாடுகளில் முட்டையும் அடங்கிவிடுகிறது. பால், முட்டை சாப்பிடுகிற சைவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டதால்தான் 1944இல் பிரிட்டனில் வீகன் சொசைட்டியைத் தொடங்கியவர்கள் 'வீகன்' என்ற சொல்லையே உருவாக்கினார்கள். நம் மொழியில் 'நனிசைவம்' என்கிறோம். 80 வருடம் தாண்டியும் படிவங்களில் இந்த வித்தியாசம் ஏறவில்லை. பல கப்பல்களில் முன்கூட்டிச் சொன்னால் இந்தியச் சைவ உணவு தனியாகத் தருகிறார்கள். வீகன்கள் பலரும் அதை நம்பிப் போகிறார்கள். அதிலும் நெய், தயிர், பனீர், கிரீம் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பருப்பும் கொண்டைக்கடலையும் நிறைய கிடைக்கும் என்பதால் அதை நல்ல தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்காமல் சாப்பிட முடியாது.

முதல் நாள்

பகல் 1 மணிக்கு ஏறினோம். ஏறும் நாளில் பஃபேயில் கூட்டம் அலைமோதும். பல பாத்திரங்களுக்கு முன்னால் பச்சை இலை போட்ட அட்டை இருந்தது. அந்த இலைக்கு என்ன அர்த்தம் என்று பரிமாறியவரிடம் கேட்டேன். "இறைச்சி இல்லை" என்றார். பால் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சாலட் இலை, தக்காளி, ஆலிவ், பழம். அதோடு எழுந்துவிட்டோம்.

இரவு பெரிய டைனிங் ரூமில் எங்களுக்கு 8 பேர் உட்காரும் மேஜை ஒதுக்கியிருந்தார்கள். வெயிட்டர் கையில் இருந்த பட்டியலில் எங்கள் கேபின் எண்ணுக்கு எதிரே 'சைவம்' என்று மட்டும் இருந்தது. நான் எழுதிய குறிப்பு நிலத்திலேயே தங்கிவிட்டது. அன்றைய சைவப் பதார்த்தம் சீஸ் போட்ட காய்கறி லசான்யா. வேண்டாம் என்றதும் அவர் முகம் வாடியது. உள்ளே ஓடினார், திரும்பி வந்தார், மறுபடி ஓடினார். மற்ற ஆறு பேருக்கும் தட்டு வந்துவிட்டது. அவர்கள் மரியாதைக்காகக் கரண்டியைத் தொடாமல் காத்திருந்தார்கள். 40 நிமிடம் கழித்து எங்களுக்கு வந்தது ஆவியில் வெந்த பிராக்கொலி, கேரட், பீன்ஸ். உப்புகூட இல்லை. எண்ணெயும் இல்லை, மசாலாவும் இல்லை, வயிறு நிரப்பும்படி எதுவும் இல்லை. கடைசியில் நறுக்கிய பழத் தட்டு.

அக்காவுக்குப் பசியைவிட அந்த ஆறு பேர் காத்திருந்ததுதான் வலித்தது. "நாளையிலிருந்து பஃபேயிலேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம், யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்றாள். வீகன் பயணிகளில் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். உணவு இல்லாததால் அல்ல, கேட்கக் கூசுவதால்.

இரண்டாம் நாள் சூப்

மறுநாள் மதியம் பஃபேயில் 'காய்கறி சூப்' இருந்தது. பக்கத்தில் மூலிகை தூவிய சோறு. இரண்டிலும் பச்சை இலை அட்டை இல்லை, ஆனால் பார்வைக்கு இரண்டிலும் காய்கறி மட்டும்தான். அக்கா இரண்டாவது கிண்ணம் சூப் வாங்கி வந்தாள். நான் சோறு எடுக்கப் போனபோது அங்கே நின்ற சமையல்காரரிடம், இது எதில் வேக வைத்தது என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார்: சிக்கன் ஸ்டாக், அதாவது கோழியை வேகவைத்து எடுத்த சாறு. சூப்? அதுவும்தான்.

நான் திரும்பி வந்து சொன்னதும் அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. மேல் டெக்கில் காற்றில் கொஞ்ச நேரம் நின்றோம். "தெரியாமல் சாப்பிட்டதுதானே" என்று நான் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவள் ஒரு வருடமாகக் கஷ்டப்பட்டுக் காத்துவந்த ஒன்றை, ஒரு கிண்ணம் சூப் அவளைக் கேட்காமலே கலைத்துவிட்டது. அவளை வருத்தியது அதுதான். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "யாரிடமாவது ஒழுங்காகப் பேசுவோம்."

பிழை எங்கே நடந்தது

பிற்பகல் 3 மணிக்கு டைனிங் ரூம் காலியாக இருக்கும். ஹெட் வெயிட்டரைப் போய்ப் பார்த்தோம். சாப்பாட்டு நேரத்தில் கேட்பதற்கும் இப்படிக் காலி நேரத்தில் கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அவர் உட்கார வைத்து, காகிதம் எடுத்துக்கொண்டு, 20 நிமிடம் கேட்டார். அப்புறம் கப்பல் சமையல் எப்படி நடக்கிறது என்று விளக்கினார். பயணம் முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம் அது.

கப்பலுக்கு வேண்டிய பொருட்களில் பெரும்பகுதி, புறப்படும் துறைமுகத்தில் ஒரே நாளில் ஏறுகிறது. காலையில் பழைய பயணிகள் இறங்கி, மதியம் புதியவர்கள் ஏறுவதற்கு இடைப்பட்ட சில மணி நேரத்தில் ஒரு வாரச் சரக்கு உள்ளே போய்விட வேண்டும். மெனு பல நாட்களுக்கு முன்பே முடிவானது. சமையல் குறிப்பும் அளவும் நிறுவனம் எழுதிக் கொடுத்தது; கப்பல் சமையல்காரர் நினைத்தபடி மாற்றுவதில்லை. ஸ்டாக், சாஸ், மாவு, இனிப்பு எல்லாம் பல மணி நேரம் முன்பே பெரிய அளவில் தயாராகிவிடும். இரவு 8 மணிக்கு நாம் "இதில் வெண்ணெய் வேண்டாம்" என்று சொல்லும்போது வெண்ணெய் ஏற்கெனவே சாஸுக்குள் கலந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். அதனால்தான் அந்த நேரத்தில் கேட்டால் ஆவியில் வெந்த காய்கறி மட்டும் வருகிறது. எதுவும் சேராமல் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதே கோரிக்கையை முந்தின நாள் சொன்னால், சமையல்காரர் ஒரு சிறு பாத்திரத்தில் தனியாகத் தொடங்க முடியும்.

எங்கள் விஷயத்தில் பிழை மூன்று இடத்தில் நடந்திருந்தது. படிவத்தில் நான் எழுதிய குறிப்பு, டிக் செய்த கட்டமாகச் சுருங்கி 'சைவம்' என்று கப்பலுக்கு வந்தது. நானும் நிறுவனத்தின் சிறப்புத் தேவைப் பிரிவுக்கு நேரடியாக எழுதி உறுதி செய்யவில்லை. இரண்டாவது, டைனிங் ரூமில் நம் உணவுக் குறிப்பு மேஜை எண்ணோடு ஒட்டியிருக்கிறது, பஃபேக்கு அது போவதே இல்லை. அங்கே நாம் யாரோ ஒரு பயணி. மூன்றாவது, எங்கள் பேச்சு. நாங்கள் "வீகன்" என்றோம். கப்பல் ஊழியர்கள் பல நாடுகளிலிருந்து வருகிறவர்கள். அந்தச் சொல் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு மாதிரி விழுந்தது. ஒருவருக்கு அது இறைச்சி இல்லாதது, இன்னொருவருக்கு எண்ணெய் இல்லாத டயட்.

முந்தின நாள் மெனு

அன்று இரவிலிருந்தே கொஞ்சம் மாறியது. தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் போட்ட பாஸ்தா வந்தது, மற்றவர்களுக்கு வந்த அதே நேரத்தில். சாப்பாடு முடிந்ததும் ஹெட் வெயிட்டர் மறுநாள் இரவு மெனுவைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். கடைசி நாள் வரை இது தினமும் நடந்தது. சிறப்பு உணவு கேட்கும் பயணிகளுக்குப் பல கப்பல்களில் இருக்கும் வழக்கம்தான் இது. ஆனால் கேட்காதவர்களுக்கு யாரும் கொண்டுவந்து காட்டுவதில்லை.

மெனுவில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். எது அப்படியே ஆகும், எதில் ஒன்றை எடுத்தால் ஆகும், எது ஆகவே ஆகாது. பாஸ்தாவில் உலர்ந்தது பெரும்பாலும் கோதுமையும் நீரும்தான், புதிதாகப் பிசைந்ததில் முட்டை இருக்கும். ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோற்றைக் காய்கறி ஸ்டாக்கில் தனியாகச் செய்தால் ஆகும், ஆனால் கடைசியில் வெண்ணெயும் பர்மேசன் சீஸும் சேர்க்கும் வழக்கத்தைச் சொல்லி நிறுத்த வேண்டும். டோஃபு வறுவலில் சோயா சாஸ் பரவாயில்லை. ஆய்ஸ்டர் சாஸும் மீன் சாஸும் கூடாது. கறி விழுதில் இறால் அரைத்துச் சேர்த்திருக்கலாம். சீஸர் டிரெஸ்ஸிங்கிலும் வூஸ்டர்ஷர் சாஸிலும் நெத்தலி வகை மீன் உண்டு. பெஸ்டோ என்ற துளசி வகை இலைச் சட்னியில் சீஸ். காய்கறி பர்கரைச் சேர்த்துப் பிடிக்க முட்டை.

இப்படிப் பொருள் பொருளாகப் பேசியதில் குழப்பம் நின்றது. "வீகன்" என்று ஒரு சொல் சொல்வதைவிட, "இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய், சீஸ், தேன், ஜெலட்டின், இறைச்சி ஸ்டாக் வேண்டாம், எண்ணெய், உப்பு, காரம், பூண்டு எல்லாம் வேண்டும்" என்று சொல்வது நீளம்தான். ஆனால் அந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் சமையல்காரர் பயந்து எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார். முதல் நாள் உப்பில்லாத பிராக்கொலி வந்தது அப்படித்தான்.

மூன்றாம் நாள் இரவு கொண்டைக்கடலையும் கத்திரிக்காயும் போட்டுத் தக்காளியில் கொதித்த ஒரு பதார்த்தம் வந்தது. அக்கா ஒரு வாய் எடுத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துத் தனக்கும் ஒன்று கேட்டார். அந்த மேஜையில் அன்றுதான் அவள் முதல்முறை சத்தமாகச் சிரித்தாள்.

ஒவ்வாமைக் கோப்பு

எங்களுக்கு உதவட்டும் என்று வெயிட்டர் ஒருநாள் ஒவ்வாமைக் கோப்பைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எதிரே கட்டங்களில் புள்ளி வைத்திருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஒழுங்குமுறை, 2014 டிசம்பரிலிருந்து, 14 ஒவ்வாமைப் பொருட்களை உணவில் கட்டாயம் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த 14இல் விலங்கிலிருந்து வருபவை ஐந்து: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, சிப்பி கணவாய் வகை. ஆகவே பாலுக்கும் முட்டைக்கும் அந்தக் கோப்பு மிக நல்ல துணை. நான் தினமும் பார்த்தேன்.

ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். கோழியும் பன்றியும் மாடும் அந்தப் பட்டியலில் இல்லை. தேனும் இல்லை. மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்து, இனிப்பை உறையவைக்கச் சேர்க்கும் ஜெலட்டின் இல்லை. சிக்கன் ஸ்டாக்கில் செய்த சோறும், பன்றிக் கொழுப்பில் வதக்கிய பீன்ஸும், ஒரு புள்ளிகூட இல்லாமல் அந்தக் கோப்பில் 'சுத்தமாக' இருக்க முடியும். எங்கள் இரண்டாம் நாள் சூப்பைத் தேடிப் பார்த்தேன். செலரிக்கு நேராக மட்டும் ஒரு புள்ளி.

ஒயின் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில ஒயின்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துவார்கள். அப்படிப் பயன்படுத்தும்போது அதை லேபிளில் சொல்லத் தேவையில்லை என்று அதே ஒழுங்குமுறையில் விலக்கு உண்டு.

பஃபேயில் கற்றது

காலை உணவுக்கு பஃபேயே வசதி. ஓட்ஸ் கஞ்சி தண்ணீரில் காய்ச்சியதா பாலில் காய்ச்சியதா என்று கேட்க வேண்டும். எங்கள் கப்பலில் இரண்டும் தனித்தனியாக இருந்தது, அட்டைதான் இல்லை. காளானும் தக்காளியும் வெண்ணெயில் வதக்கியது. தக்காளி சாஸில் வந்த பீன்ஸ் எங்களுக்கு ஆனது. பளபளப்பாக இருந்த ரொட்டிகளின் மேல் முட்டையோ வெண்ணெயோ தடவியிருந்தது. மொறுமொறுப்பான சாதாரண ரொட்டி பெரும்பாலும் மாவு, ஈஸ்ட், உப்பு, நீர்தான்.

சமைத்து வைத்ததைவிட, கண் முன்னால் செய்து தரும் கவுன்ட்டர்தான் எங்களைக் காப்பாற்றியது. பாஸ்தா கவுன்ட்டரிலும் வறுவல் கவுன்ட்டரிலும் சுத்தமான வாணலி எடுக்கச் சொல்லி, எண்ணெயில் செய்யச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் சூடாகக் கிடைக்கும். என்ன சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கலாம். கூட்டம் வருவதற்கு முன், கவுன்ட்டர் திறந்தவுடன் போவோம். இடுக்கிகள் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறுவதும் அந்த நேரத்தில் குறைவு. பொரியல் எண்ணெய் பற்றியும் கேட்டோம். உருளைக்கிழங்கு ஃபிரைஸும் மீனும் ஒரே எண்ணெயில்தான். அக்கா அன்றிலிருந்து ஃபிரைஸ் எடுக்கவில்லை, நான் எடுத்தேன். இதில் ஒவ்வொருவரும் எங்கே கோடு போடுவது என்பது அவரவர் முடிவு.

ஐந்தாம் நாள் சோயாப் பால் தீர்ந்தது

அன்று காலை காபி கவுன்ட்டரில் சோயாப் பால் இல்லை என்றார்கள். பாதாம் பாலும் இல்லை. கிடங்கிலும் இல்லை. நடுக்கடலில் கடை கிடையாது. அன்றும் மீதி மூன்று காலையும் கறுப்புக் காபிதான், ஓட்ஸ் தண்ணீரில்தான். கோபப்பட ஒன்றும் இல்லை. இத்தனை பேர் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து ஏற்றிய அளவு அவ்வளவுதான். முன்கூட்டியே எழுதியிருந்தால் அந்த அளவில் எங்களையும் சேர்த்திருப்பார்கள்.

உடன் கொண்டுபோனவை எங்களுக்கு உதவின. வறுத்த கடலை, பாதாம், உலர்பழம், ஒரு டப்பா வேர்க்கடலை வெண்ணெய். கடையில் வாங்கிப் பிரிக்காத பொட்டலங்களைப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிக்கின்றன. வீட்டில் சமைத்ததை ஏற்றவிடுவதில்லை. கேபினில் கெட்டில், ஹாட் பிளேட் போன்ற சூடாக்கும் சாதனம் கொண்டுபோய் வைக்கத் தீ அபாயம் கருதிப் பொதுவாகத் தடை உண்டு. வெந்நீர் காபி கவுன்ட்டரில் எப்போதும் கிடைக்கும். வீகன்களுக்கு பி12 மாத்திரை பயணத்திலும் தேவைதான், அதைக் கைப்பையில் வைத்திருந்தோம்.

துறைமுகங்களில் இரண்டு மதியம் வெளியே சாப்பிட்டோம், அது சுலபமாகவே நடந்தது. ஒன்று மட்டும்: கப்பலிலிருந்து ஆப்பிளையோ சாண்ட்விச்சையோ பையில் போட்டு இறங்கக் கூடாது. பல நாடுகளில் பழம், காய், விதை கரைக்கு வருவதைச் சட்டம் தடுக்கிறது, அபராதமும் உண்டு. இறங்கும் வாயிலிலேயே ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது.

இனிப்பு

இனிப்புப் பகுதிக்குத்தான் செய்தி கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. டைனிங் ரூமும் சமையல் பகுதியும் எங்களை நன்றாகப் புரிந்துகொண்ட பிறகும், ஆறாம் நாள் இரவு வந்தது பழ மூஸ், நுரைபோல் மென்மையான ஓர் இனிப்பு. பால் இல்லை, முட்டை இல்லை என்று வெயிட்டர் உறுதியாகச் சொன்னார். அக்கா தட்டைத் தொடாமல், "ஜெலட்டின்?" என்று கேட்டாள். அவர் உள்ளே போய் விசாரித்து வந்து, தட்டை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் கேட்க நினைத்த கேள்வி அது. அவள் முந்திக்கொண்டாள்.

'சோர்பே' என்ற பழ ஐஸ் பெரும்பாலும் பழமும் சர்க்கரையும்தான் என்றாலும், சிலதில் பாலோ முட்டை வெள்ளையோ சேர்ப்பார்கள். அதையும் கேட்டுத்தான் வாங்கினோம். கடைசி இரவுக்கு முந்தின நாளே சொல்லி வைத்ததில், ஆப்பிளின் மேல் ஓட்ஸும் எண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுச் சுட்ட கிரம்பிள் வந்தது. இனிப்புப் பகுதித் தலைவரே வெளியே வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டுப் போனார்.

நோட்டில் இருந்த கணக்கு

ஹெட் வெயிட்டரிடம் பேசுவதற்கு முன் நான்கு வேளை: ஒன்றில் வெறும் சாலட், ஒன்றில் உப்பில்லாத காய்கறி, ஒன்றில் பழமும் ரொட்டியும், ஒன்றில் சிக்கன் ஸ்டாக். பேசிய பிறகு 17 வேளை. கரையில் சாப்பிட்ட இரண்டைக் கழித்தால் கப்பலில் 15. அவற்றில் குறை என்று நான் குறித்தவை சோயாப் பால் இல்லாத நான்கு காலையும், அந்த மூஸும் மட்டும்தான்.

அடுத்த பயணம் 10 இரவு. இந்த முறை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மாதிரி மெனுக்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பணம் கட்டிய அன்றே சிறப்புத் தேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போய்விட்டது, ஏஜென்டுக்கு நகலுடன். எழுதியது அக்கா. வேண்டாதவை ஒரு வரி, வேண்டியவை ஒரு வரி, முதல் இரவே ஹெட் வெயிட்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி, பதிலை அச்செடுத்துக் கொண்டுவருவோம் என்று ஒரு வரி. கடைசியில் அவளே சேர்த்தது: "எங்கள் இருவருக்கும் 10 நாளுக்கு 6 லிட்டர் சோயாப் பால் தேவைப்படும்."